பெட்ரோல் மூடி

அத்தியாயம் பதினேழு

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பல் டாக்டர் எட்டு மணிக்கே வந்து பட்டறை வாசலில் நின்றார். கையில் சின்னத் தோல் பை. அதற்குள் என்ன இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. அதையே பம்பருக்குப் பின்னால் விட்டும் பார்ப்பார்.

"என்னம்மா, நம்ம ஆளு மூணு மாசமா நல்லா தூங்கினாரா?" என்றார். காரைத்தான் கேட்டார். கட்டின பெண்டாட்டியை இவ்வளவு அக்கறையாக விசாரித்திருப்பாரா என்று அவர் போன பிறகு தம்பி சொல்லிச் சிரிப்பான்.

அக்காவுக்கு இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியில், அவளுடைய அறையில், தையல் டப்பாவுக்குள், பிளானல் துணியில் சுற்றி அந்தக் காரின் பெட்ரோல் மூடி கிடந்தது.

அது எப்படி அங்கே போனது என்று நடுவில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடலாம்.

மழை பிடிப்பதற்கு முன்னால் டாக்டர் தன் கறுப்புக் காரைத் தம்பியின் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். அறுபது வருஷத்து வண்டி. பம்பர், கிரில், விளக்கு வளையம், கைப்பிடி, கண்ணாடியைச் சுற்றின பட்டை என்று உடம்பெல்லாம் குரோமியம். அவரிடம் இந்த மாதிரி பதினொரு வண்டி இருக்கிறது. இது ஒன்று மழைக்காலத்தைப் பழுதில்லாமல் கடந்துவிட்டால் பதினொன்றையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை தம்பிக்கு. அவன் அந்த நினைப்பிலேயே ஒரு முழம் வளர்ந்திருந்தான்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு திருகாணிகூட ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இதற்கு முன் வேறொரு இடத்தில் விளக்கு வளையத்தைப் பாலிஷுக்கு என்று எடுத்துப்போனவர்கள், திருப்பி மாட்டியது போலி. தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அக்கா இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் இருக்கிறாள். புருஷன் இன்னொரு குடித்தனம் தேடிக்கொண்டு போன மறுமாதம் வந்தவள். ஊரில் அவளுக்கு மெழுகு அக்கா என்று பேர். குரோமியம் என்பது மேலே போர்த்தின மெல்லிசுப் போர்வைதான், அதில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல் ஆயிரம் இருக்கும், தண்ணீர் அது வழியாக இறங்கி அடியில் இருக்கிற நிக்கலையும் செம்பையும் இரும்பையும் சத்தமில்லாமல் தின்னும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பம்பர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கழுவுவாள். சந்து பொந்தெல்லாம் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைப்பாள். முடி காயவைக்கிற மிஷினால் சூடு காட்டுவாள். ஒரு நாள் முழுக்கச் சும்மா விடுவாள். அப்புறம்தான் மெழுகு, விரல் நுனியால், இரண்டு தடவை. வெளியே தெரியாத பம்பரின் முதுகுக்கும் அதே இரண்டு தடவை.

பெட்ரோல் மூடியின் உள்மறையில், திருகுகிற வரிப்பள்ளத்தில், துரு இருந்தது. அதை மூங்கில் குச்சியால் கிண்டித்தான் எடுக்க வேண்டும். ஷெட் வெளிச்சத்தில் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து செய்துவிட்டுக் காலையில் மாட்டிவிடலாம் என்று மூடியை எடுத்துப்போனாள். அதற்கு முன்னால் எத்தனையோ வண்டிகளுக்கு அப்படிச் செய்தவள்தான். டாங்கி வாய்க்கு ஒரு கார்க் வைத்துத் துணியால் கட்டினாள்.

அன்று சாயங்காலம் தம்பி முன்கண்ணாடி ரப்பருக்குப் பசை போட்டான். போட்ட கையோடு கவரை இழுத்து மூடி, ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அக்கா அந்தப் பக்கம் போனபோது ஷெட் கதவு இடுக்கில் புளித்த வாடை வந்தது.

"என்னடா இது, மூக்கக் குத்துது?"

"பசைதான். எப்பவும் வாங்கறது கடையில இல்ல. வேற டியூப்."

"ரெண்டு நாள் திறந்து போட்டு, வாடை போனப்புறம் மூடேன்."

"மெழுகப் பத்தி உனக்குத் தெரியும், பசையப் பத்தி எனக்குத் தெரியும். மழை விடற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. ஈரக் காத்து போயிடும்."

அப்போதே மூடி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் சத்தியம் செய்தவன், குதிப்பான் என்று பயந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை வாரமானது, வாரம் மாதமானது.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

தம்பி பூட்டைத் திறந்தான். "மூணு மாசம் டாக்டர். சாவி என் இடுப்ப விட்டு இறங்கல. ஈ எறும்பு உள்ள போகல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

கதவு திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பியும் அவளைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

வண்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது. முன்னாலிருந்து வண்டிக் கதவு வரைக்கும்தான் கவரைச் சுருட்டினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. கிரில் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பம்பரில் ஊசி குத்தின மாதிரி பச்சைப் புள்ளிகள், நூறா இருநூறா என்று எண்ண முடியாதபடி. விளக்கு வளையம் சாம்பல் தேய்த்த பாத்திரம் போல மங்கிக் கிடந்தது.

டாக்டர் பையைத் திறந்து குட்டிக் கண்ணாடியை எடுத்து, முட்டி போட்டு, பம்பருக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். நோயாளியின் முகத்துக்கு நேரே கெட்ட செய்தி சொல்லிப் பழகினவர். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"சொத்தை. வெளிய மட்டும் இல்ல, உள்ளயும். இது யார் பாத்த வேலை?"

பசை பற்றித் தம்பி இப்போது சொல்வான் என்று அக்கா நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். தொண்டையைக்கூட அவன் செருமினான்.

"அக்காதான் மெழுகு போட்டாங்க டாக்டர். ஈரம் சரியா காயறதுக்கு முன்ன போட்டிருக்காங்க போல. உள்ள மாட்டின ஈரம் இப்படித்தான் பூக்கும். என்ன பண்றது, வயசாகுது. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

மற்ற நேரமெல்லாம் 'அக்கா செஞ்சா' என்கிற வாய், இன்றைக்கு 'போட்டாங்க' என்றது. அந்த மரியாதைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அப்படியாம்மா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். மாடியில் இருக்கிற மூடி ஞாபகம் வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"இனிமே குரோமியத்துல அவங்க கை வைக்க மாட்டாங்க. நானே பாத்துக்கறேன். மத்த வண்டிங்களுக்கு நீங்க யோசிக்கவே வேணாம்" என்றான் தம்பி.

டாக்டரின் போன் அடித்தது. மருத்துவமனையில் யாரோ பாதிப் பல்லோடு காத்திருந்தார்கள். "நாலு மணிக்கு வர்றேன். ஒவ்வொரு உருப்படியா பாத்து லிஸ்ட் எழுதணும். எது தேறும், எதுக்கு மறுபடி முலாம் போடணும்னு. அப்புறம் மத்ததப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு உருப்படியாக. அக்கா மாடிப்படியை ஏறும்போது அந்த வார்த்தையும் கூடவே ஏறி வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு தையல் டப்பாவைத் திறந்தாள். பிளானலைப் பிரித்தாள். மூடி அவள் முகத்தைக் காட்டியது, ஒவ்வொரு சுருக்கத்தோடும். ஒரு புள்ளி இல்லை, ஒரு மங்கல் இல்லை. அதே நாள், அதே டப்பா மெழுகு, அதே கை. மழை இந்த ஜன்னலிலும்தான் மூன்று மாதம் அடித்தது. ஷெட்டுக்குள் இருந்தது, இங்கே இல்லாதது ஒன்றே ஒன்று, அந்தப் பசையின் ஆவி.

இதை டாக்டர் கையில் வைத்தால் போதும். பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வைத்த உடனே அவர் கேட்கப்போகிற கேள்வி, இது எப்படி வெளியே வந்தது என்பதுதான். மெழுகு தெரியாதவள் என்கிற பேரைத் துடைத்துக்கொண்டு, திருடி என்கிற பேரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கதவு தட்டாமலே திறந்தது. தம்பி மனைவி, கையில் சாப்பாட்டுத் தட்டோடு. அக்கா டப்பாவை மூடினாள்.

"என்ன அண்ணி அது, பளிச்சுனு மின்னுச்சு?"

"பழைய மூடி ஒண்ணு. பொத்தான் போட்டு வெக்க."

தம்பி மனைவி தட்டை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். காரணமில்லாமல் உட்காருகிறவள் இல்லை.

"அவர் வேற வழியில்லாம சொல்லிட்டார் அண்ணி. மனசுல வெச்சுக்காதீங்க."

"எத?"

"அதான். காலையில."

"நீ காலையில கீழ இல்லையே."

"ஜன்னல் திறந்துதான இருந்துச்சு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அந்த வாடை எனக்கும் அன்னைக்கே வந்துச்சு. துணி காயப்போடப் போனப்ப."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"யார்கிட்ட? அவர்கிட்ட சொன்னா எம்மேல எரிஞ்சு விழுவார். டாக்டர்கிட்ட சொன்னா பதினொரு வண்டியும் போயிடும். உங்களுக்குன்னா என்ன போகப்போகுது? நீங்க தாங்கிக்குவீங்கன்னு அவருக்குத் தெரியும்."

"தாங்கறதுக்குன்னேதான் என்னை இந்த வீட்டுல வெச்சிருக்கீங்களா?"

"பாத்தீங்களா, ஒண்ணு சொன்னா ஒம்போதா எடுத்துக்கறீங்க." எழுந்துகொண்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "அந்த மெழுகு டப்பா, குச்சி, துணியெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க? எடுத்துக் கீழ வெக்கச் சொன்னார்."

தட்டில் இருந்தது ஆறிப்போனது. அக்கா தொடவில்லை.

மூன்று மணி வரை உட்கார்ந்து யோசித்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பி பசையை ஒத்துக்கொள்ளட்டும், தான் மூடியை ஒத்துக்கொள்ளலாம். தப்பு ஆளுக்கு ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் டாக்டர் கத்துவார், கத்திவிட்டு ஆறுவார். ஒருவேளை வண்டிகூடப் போகாது. மூடியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஷெட்டுக்குள் தம்பி பம்பர் முன்னால் குந்தியிருந்தான். கையில் ஸ்டீல் நார். நான்கு மணிக்குள் பச்சைப் புள்ளியை எல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தான், கருகின பாத்திரம் தேய்க்கிற மாதிரி.

"நிறுத்துடா."

"வேலையப் பாத்துட்டுப் போ."

"மஞ்சள் தெரியுது பார். அங்க குரோமியம் முழுசாப் போயிடுச்சு. நீ தேய்க்கிறது நிக்கல். புள்ளியா இருந்தத பள்ளமா ஆக்கற."

அவன் கையைப் பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் திட்டு. நாரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான்.

அக்கா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டாள். "தம்பி, பசைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா?"

"டாக்டர் வந்ததும் நீயே சொல்லிடு. கடையில வழக்கமானது கிடைக்கல, தப்பாயிடுச்சுன்னு. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அத நான்..."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? பட்டறை என் பேர்ல இருக்கு. கெட்டா பட்டறை பேர் கெடும். நாளைக்கு ஒருத்தன் வண்டியக் கொண்டாந்து விடுவானா?"

"எம்பேர் கெட்டா பரவாயில்லையா?"

"உம்பேர வெச்சு என்ன பண்ணப்போற? கல்யாணம் காட்சியா பண்ணப்போற?" சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. குரலைத் தழைத்தான். "உனக்கு நான் என்னக்கா குறை வெச்சேன்? இருபத்திரண்டு வருஷம். ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு."

"வேலையும் செஞ்சேன்டா."

"யார் இல்லன்னா? அதான் சும்மா உக்காந்தா உனக்கு நேரம் போகாதுன்னு ஏற்பாடு பண்ணிட்டேன். டாக்டர்கிட்ட மத்தியானமே போன்ல பேசிட்டேன். அவர் கிளினிக்ல ஆள் வேணுமாம். அந்தச் சாமானெல்லாம் கழுவி, சூட்டுல வெச்சு எடுக்க. உனக்குத்தான் பளபளன்னு வெக்கத் தெரியுமே."

பல் பிடுங்குகிற குறடுகளை அக்கா கழுவி வைப்பாள். காலையில் யாரிடம் அவளைக் குருடி ஆக்கினானோ, அதே ஆளிடம்.

"நீ ஏதோ சொல்ல வந்தியே. உங்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு" என்றான் தம்பி.

ஏப்ரன் பைக்குள் கை போனது. மூடி சில்லென்று இருந்தது. அதன் பல் பல்லான ஓரத்தை விரல் ஒரு சுற்றுத் தடவியது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "மறந்துபோச்சு."

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். இந்தத் தடவை அட்டையும் பேனாவும் கொண்டு வந்திருந்தார். கவரை முழுக்க எடுக்கச் சொன்னார். வண்டியை நான்கு அடி முன்னால் தள்ளச் சொன்னார். தம்பி தள்ளினான். அக்கா கதவோரம் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

முன் பம்பரில் மஞ்சள் திட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "பல்லு கறையா இருந்தா எனாமலயே சீவிடுவீங்களோ?" என்றார். எழுதிக்கொண்டார்.

கிரில். எழுதினார். இடது விளக்கு வளையம், வலது விளக்கு வளையம். கைப்பிடி நான்கு. ஒவ்வொன்றுக்கும் தம்பி 'ஆமா டாக்டர், ஆமா டாக்டர்' என்று பின்னாலேயே போனான். பின் பம்பருக்கு வந்தார்கள். அதிலும் பச்சைப் புள்ளி. எழுதிக்கொண்டு நிமிர்ந்தவர், பேனாவோடு அப்படியே நின்றார்.

"இது என்ன துணி?"

தம்பி எட்டிப் பார்த்தான். டாங்கி வாயில் துணி சுற்றின கார்க்.

"மூடி எங்க?"

தம்பியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்தான். டிக்கியைத் திறந்தான். கவரை உதறினான். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிஜமாகவே தெரியாதவன் தேடுகிற தேடல். காலையில் அவனுக்குப் பொய் சொல்ல எவ்வளவு சுலபமாக வந்தது, இப்போது உண்மை எவ்வளவு திணறுகிறது என்று அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த மூடி இப்போ எங்க தேடினாலும் கிடைக்காது. உங்களுக்குத் தெரியும்ல?" டாக்டரின் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஷெட் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"டாக்டர், நான் வந்து..."

"காலையில சொன்னீங்களே. இடுப்ப விட்டு இறங்கலன்னு."

"எங்கிட்டதான் டாக்டர்."

"ஈ எறும்பு போகலன்னீங்க."

தம்பி கையில் இருந்த கவரின் ஓரத்தை முறுக்கினான். திரும்பி அக்காவைப் பார்த்தான். காலையில் பார்த்த அதே பார்வைதான். காலையில் அது 'நீ சும்மா இரு' என்றது. இப்போது 'நீ ஏதாவது சொல்லேன்' என்றது.

"அக்கா. நீதானே அந்தப் பக்கம் மெழுகு போட்ட. மூடிய நீ பாத்தியா?"

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. டீ டம்ளர்களோடு வந்த தம்பி மனைவி படியிலேயே நின்றுவிட்டாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவின் ஏப்ரன் பையை, அதில் புடைத்துத் தெரிந்த வட்டத்தையே பார்த்தாள்.

அக்கா பைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கை வெறுமையாகத்தான் வந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க தம்பி தெரியும்," என்றாள். "கண்ணுதான் முன்ன மாதிரி இல்லையே."